ஒளியின் வேகத்தில் வருவது

திருமழபாடிப் பள்ளியில் அன்றைய மூன்றாவது காட்சி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் தவழ்ந்து வெளியே போன பிறகும், கோளரங்கத்துக்குள் ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அறிவரசன் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினான். கண்ணாடி போட்ட பெண். மடியில் கைப்பை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்த டீச்சர்.

"கால் மரத்துப் போச்சுங்களா மேடம்? மெதுவா எந்திரிங்க."

"அதெல்லாம் இல்ல சார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அனுசுயா, இங்க பிசிக்ஸ் எடுக்கறேன்."

காற்றடித்து நிறுத்தும் கறுப்புத் துணிக் கூடாரம்தான் அந்தக் கோளரங்கம். அறிவரசன் அதை வேனில் ஏற்றிக்கொண்டு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பள்ளி பள்ளியாகப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தான். திருச்சியில் இருந்த ஓர் அறிவியல் அமைப்பு அவனை இந்த வேலையில் வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் துணியை விரித்து விசிறியை ஓட்டினால் அது மெல்ல மெல்ல உப்பி, கூரையைத் தொடுகிற உயரத்துக்கு எழுந்து நிற்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் கருப்பு இட்லி. ஒரு துணிக்குழாய் வழியாகத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். உள்ளே இருட்டு, நடுவில் ப்ரொஜெக்டர், தலைக்கு மேல் நட்சத்திரங்கள். அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் பதிவு செய்த ஒரு பெண்குரல். அறிவரசன் லேப்டாப்பில் தட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வான். காட்சி முடிகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டான்.

"ஒளியோட வேகத்துல ஒரு பொருள் நம்மள நோக்கி வந்தா, ரொம்ப தூரத்துலயே அது ஒரு வெளிச்சக் கோடாத் தெரியும்னு ஒரு இடத்துல வருதுல்ல சார்?"

"ஆமாங்க."

"அது தப்பு."

அவன் டார்ச்சைத் தரையில் வைத்தான்.

"இப்படி வைங்க," என்று அனுசுயா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "செந்துறையிலேருந்து ஒரு பஸ் கெளம்புது. பஸ் வருதுன்னு அரியலூர்ல சொல்றதுக்கு ஒரு ஆள் பைக்ல முன்னால வர்றாரு. அவரு வேகமா வர்றதால நமக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. சரி, பஸ்ஸும் அந்த பைக் வேகத்துலயே வந்தா? ரெண்டும் ஒண்ணாத்தான வந்து நிக்கும்? வருதுன்னு சொல்ல யாரு இருக்கா? வெளிச்சம்தான் நமக்குச் சேதி கொண்டு வர்ற ஆளு. பொருளும் அதே வேகத்துல வந்தா, நம்ம மேல வந்து மோதற வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

அறிவரசன் அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அதுக்கும் முன்னால, நிறையுள்ள எந்தப் பொருளும் அந்த வேகத்த எட்டவே முடியாது. கொஞ்சம் கொறஞ்ச வேகத்துல வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நம்மளத் தாண்டிப் போனப்பறம் வேணா, போறது மங்கலாத் தெரியும். பிள்ளைங்க புத்தகத்துல ஒண்ணு படிச்சு இங்க ஒண்ணு கேட்டா குழம்பிடும் சார். வர்ற அறிவியல் நாளுக்கு அரியலூர்ல நீங்கதானே காட்டறீங்க? மாவட்டத்துல இருக்கற பிசிக்ஸ் டீச்சருங்க பூரா வருவாங்க. அதுக்குள்ள அந்த ஒரு இடத்த மட்டும் மாத்திடுங்க."

"சரிங்க."

"அந்தம்மா குரல் அவ்ளோ நல்லாருக்கு. அவங்களையே திரும்ப ஒருதரம் சொல்லச் சொன்னா முடிஞ்சுது. யாரு சார் அவங்க, ரேடியோவுல இருந்தவங்களா?"

"இல்லிங்க. எங்க வூட்டுல."

"அட, அப்ப சுலபமாப் போச்சே! சாயந்தரம் வூட்டுக்குப் போனதும் சொல்லிடுங்க," என்று சிரித்துக்கொண்டே அவர் குழாய்க்குள் தவழ்ந்து வெளியே போனார்.

அறிவரசன் அன்று சாயங்காலம் போன வீடு, அரியலூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்த ஒற்றை அறை. கீழே சாலையில் சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகும். ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மேசைமேல் வெள்ளையாகத் தூசி படியும். அதில் விரலால் கோடு போட்டுப் பார்ப்பது அவனுக்கு ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. புவனேஸ்வரி பெரம்பலூரில் தன் அம்மாவோடு இருந்தாள். ஏழு வருடமாகிறது.

வழக்கு இல்லை, வாய்ச்சண்டை இல்லை. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து அவளுக்குக் குழந்தை தங்கியது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் வலி எடுத்தது. அன்றைக்கு அவன் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தான். கோளரங்கத்துக்குள் போனால் போனை அணைத்து வைப்பது அவனே போட்ட சட்டம். ஒருவருடைய போன் வெளிச்சம் பட்டால்கூட நட்சத்திரங்கள் வெளுத்துவிடும். பக்கத்து வீட்டு அம்மா ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கடைசிக் காட்சி முடிந்து துணியை மடித்த பிறகுதான் அவன் போனை எடுத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. புவனா அழவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

உடம்பு தேறட்டும் என்று அம்மா வீட்டுக்குப் போனாள். தேறியது. அவள் திரும்பவில்லை. முதலில் வாராவாரம் போய்ப் பார்த்தான். பிறகு மாதம் ஒருமுறை. அவள் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குச் சேர்ந்தாள். "இந்த வாரம் பிள்ளைங்களுக்குப் பரிச்ச, நான் விடுதியிலதான் இருப்பேன்," என்பாள். "எனக்கும் வேப்பந்தட்டைப் பக்கம் ஷோ இருக்கு," என்பான் அவன். அப்படியே போக்குவரத்து நின்று போனது. வா என்று அவன் கூப்பிடவில்லை, வராதே என்று அவளும் சொல்லவில்லை.

ஆனால் அவள் குரல் அவனோடுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் பதிவு செய்தது அது. அங்கங்கே படித்ததைச் சேர்த்து அவன்தான் எழுதினான், அவள் வாசித்தாள். சித்திரை வெயில். விசிறி ஓடினால் சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிட்டு, எதிரொலி வராமலிருக்க இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வியர்வை வழிய வழியப் பதிவு செய்தார்கள். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் மெல்லியதாக விசில் அடிக்கும். வியாழனுக்கு வரும்போது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரியும். சனியின் வளையங்களுக்கு முன்னால் எச்சிலை விழுங்குவாள். ஒரு நாளைக்கு நாலு காட்சி. பள்ளி விடுமுறை நாட்களில்தான் அவனுக்கு அறை பெரியதாகத் தெரியும். அந்த மாதிரி நாட்களில் விசிறி சரியாக ஓடுகிறதா, ஸ்பீக்கரில் இரைச்சல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒருமுறை ஓட விடுவான்.

அனுசுயா சொன்னதற்கு அப்புறம் ஒரு தொல்லை தொடங்கியது. கல்லங்குறிச்சிப் பள்ளியில் அடுத்த காட்சி. ஒளியின் வேகம் பற்றிய இடம் நெருங்க, அவன் நிமிர்ந்து உட்கார்ந்து கவனித்தான். இத்தனை வருடங்களாக அவன் குரலைத்தான் கேட்டானே தவிர, அது என்ன சொல்கிறது என்று கேட்கவே இல்லை. இப்போது சொற்கள் தனியாகக் கேட்டன. 'அது மிகத் தொலைவிலேயே ஓர் ஒளிக்கோடாக நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.' தலைக்கு மேல் நீலமாக ஒரு கோடு ஓடியது. பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். அவன் எழுதிய தப்பை அவள் அத்தனை நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் உட்கார்ந்து அந்த இடத்தை வெட்டிப் பார்த்தான். முன்னும் பின்னும் ஒட்டவில்லை. வெட்டிய இடத்தில் அவள் பேச்சு பாதி மூச்சில் நின்று, அடுத்த வாக்கியம் அந்தரத்தில் தொடங்கியது. ஒலியை மட்டும் நிறுத்திப் பார்த்தான். நீலக்கோடு ஊமையாக ஓடியது. வேறு ஒரு பெண்ணை வைத்து அந்த இடத்தை மட்டும் பேசச் சொல்லலாமே என்றும் நினைத்தான். நினைக்கும்போதே கசந்தது. வெட்டியதையெல்லாம் பழையபடி ஒட்ட வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினான்.

அடுத்த ஞாயிறு அவன் பெரம்பலூருக்கு வண்டியை எடுத்தான். போன் பண்ணிச் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம். வழி நெடுகச் சோளக்காடு அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்தது. ஊரின் துறைமங்கலம் பகுதியில் மாமியார் வீட்டுத் தெருமுனை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உள்ளேயே இருந்தான். பிறகு லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்து அதன் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள் மாமியார் கலியம்மாள். அவளுக்குப் பார்வை மங்கியிருந்தது. நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு?"

"நான்தான் அத்த. அறிவரசன்."

"வாங்க மாப்ள," என்றாள் அவசரமாக. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துகொண்டாள். "எளச்சுட்டீங்களே! புவனா, யாரு வந்திருக்கான்னு வந்து பாரு."

புவனா துவைத்த துணியோடு பின்கட்டிலிருந்து வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள்; அது அவனுக்குப் புதுசு. ஒரு கணம் நின்றாள். பிறகு துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "உக்காருங்க, டீ போடறேன்," என்றாள், போன வாரம்தான் வந்து போனவனிடம் சொல்வது போல.

டீ குடிக்கிற நேரத்தில் விடுதியைப் பற்றி அவன் கேட்டான், வேனைப் பற்றி அவள் கேட்டாள். இரண்டும் சீக்கிரம் தீர்ந்து போயின.

"ஒரு வேலையா வந்தேன், புவனா. அந்த ரெக்கார்டிங் இருக்குல்ல, கம்பளியைப் போத்திக்கிட்டு நீ பேசினியே. அதுல ஒரு இடம் தப்பா இருக்காம். ஒரு டீச்சர் சொன்னாங்க. அத மட்டும் நீ திரும்பச் சொல்லித் தரணும். ஒரு நிமிஷம்தான் வரும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"நான் பேசினதா?"

"ம்."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல," என்றாள். "வேர்த்தது மட்டும்தான் ஞாபகம். போடுங்க, கேப்போம்."

அவன் லேப்டாப்பைத் திறந்து ஓட விட்டான். தப்பான இடத்தை மட்டும் போடலாமென்றுதான் இருந்தான். அவள் முதலிலிருந்து போடச் சொன்னாள். நட்சத்திரங்கள் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், ட்யூப்லைட்டுக்குக் கீழே அந்தக் குரலை அவன் இன்னொருவரோடு உட்கார்ந்து கேட்டதே இல்லை. 'குழந்தைகளே, வணக்கம். கொஞ்சம் தலையைத் தூக்கி மேலே பாருங்கள்,' என்றது அது. புவனா மேலே பார்க்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் வந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வாசலிலிருந்து கலியம்மாள் குரல் கொடுத்தாள். "யாரு புவனா, வேற யாரு வந்திருக்கா? சின்னப் புள்ள பேசறாப்ல கேக்குது."

"யாரும் இல்லம்மா."

முழுவதும் கேட்டு முடித்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "இப்படியா பேசிக்கிட்டிருந்தேன்? கல்யாணத்துக்குக் கெளம்பறவ மாதிரி," என்றாள். "சரி, எது தப்பு?"

அவன் அனுசுயா சொன்னதைச் சொன்னான். செந்துறை பஸ்ஸையும் பைக்கையும் சொன்னான். அவள் இடையில் நிறுத்தி, பைக்கைவிட பஸ் வேகமாக வந்தால் என்னாகும் என்று கேட்டாள். அப்படி வர எதனாலும் முடியாது என்றான். வெகுநாள் கழித்து இரண்டு பேரும் ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தால் நல்லது என்பது போல நீட்டி நீட்டிச் சொன்னான்.

"அப்ப வர்றது தெரியாது," என்றாள்.

"தெரியாது."

"போறது?"

"போறது தெரியும். மங்கலா."

அவள் வெளியே வெங்காயக் குவியலைப் பார்த்தாள். பிறகு, "எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க," என்றாள்.

மின்விசிறியை அவளே நிறுத்தினாள். அவன் மைக்கைப் பிடித்தான். அவள் நன்றாகத்தான் வாசித்தாள், ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. வாசித்து முடித்ததும் பழைய பதிவோடு சேர்த்து ஓட விட்டான். பழைய குரல் ஏறி வந்து நிற்க, அந்த இடத்தில் புதுக்குரல் இறங்கியது. அது கனத்த குரல். இரண்டு மாடி கேட்கும்படி விடுதிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உரமேறிய குரல். அது முடிந்ததும் பழையவள் ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தாள்.

இன்னொரு முறை ஓட விட்டான்.

"இது வேற ஆளு," என்றாள் புவனா.

"சத்தத்தக் கொஞ்சம் ஏத்தி எறக்கினா சரியாயிடும். அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு."

"சரியாகாதுங்க." அவள் விசிறியைத் திரும்பப் போட்டாள். சுவரில் சாய்ந்து நின்றாள். "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் போட்டுக்கிட்டே இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களத் திட்டறதுக்குக் கேக்கல. அது தீந்து போச்சு. நான் போன் போட்டுக்கிட்டிருந்தப்ப நீங்க உள்ள உக்காந்து இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தீங்க, இல்லியா?"

அவன் இத்தனை வருடங்களில் அந்த நாளை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறான். போனை அணைக்காமல் விட்டிருந்தால், மூன்றாவது காட்சியோடு கிளம்பியிருந்தால், அன்று லீவு போட்டிருந்தால் என்றெல்லாம். இந்தப் பக்கம் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் குரலைக் கேட்டபடி, இருட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

"ஆமா," என்றான்.

"இப்பவும் தெனம் கேக்கறீங்க."

"கேக்கறேன்."

"அதான் என்னக் கூட்டிட்டுப் போக நீங்க வரவே இல்ல," என்றாள். குரலில் கோபம் இல்லை, யாரோ கணக்கைச் சரியாகப் போட்டு முடித்தது போல ஒரு களைப்புத்தான் இருந்தது. "மொதல்ல நான் எதிர்பாத்தேன். ஒரு வருஷம் எதிர்பாத்தேன்னு வைங்க. இந்த மனுசனுக்கு எப்படித் தனியா இருக்க முடியுதுன்னு நெனப்பேன். நீங்க தனியா இல்ல. உங்களுக்கு ஆள் இருந்துச்சு. எனக்குத்தான் இல்ல."

வாசலில் கலியம்மாள் அரிவாள்மணையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்னை எடுத்துடுங்க," என்றாள் புவனா. "அந்த எடத்த மட்டும் இல்ல, எல்லாத்தையும். ஊர் ஊரா இருட்டுல பேசிக்கிட்டிருக்கற பொண்ணு நான் இல்ல. நான் இங்க இருக்கேன்."

அவன் என்னென்னவோ சொல்ல நினைத்தான். வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால், குரலை விடுவதற்கு ஈடாக ஆளைக் கேட்பது போல ஆகிவிடும் என்று பட்டது. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. மூலையில் குவிந்திருந்த காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

கிளம்பும்போது கலியம்மாள் ஒரு பை வெங்காயம் கொடுத்தாள். "அடிக்கடி வாங்க மாப்ள," என்றாள். புவனா வாசல்வரை வந்தாள். வேன் திரும்பும்வரை நின்றாளா என்று அவன் கண்ணாடியில் பார்த்தான். பழைய வேன், கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்ததில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

சொன்னபடி உடனே செய்ய அவனால் முடியவில்லை. மறுநாள் செந்துறைப் பள்ளியில் அந்தக் குரலைத்தான் ஓட விட்டான். தப்பான இடம் வந்ததும் ஒலியை நிறுத்தினான். நீலக்கோடு ஊமையாகப் போனது. "சார், சவுண்டு போச்சு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "கேபிள்ல கோளாறு," என்றான். அடுத்த நாளும் கேபிளில் கோளாறு. இப்படியே ஒரு வாரம் ஓடியது. ஆனால் முன்பு போலக் கேட்க முடியவில்லை. குக்கர் விசில் வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு போன் அடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது அவனுக்கு. ஒருமுறை நடுவில் எழுந்து, அணைத்து வைத்திருந்த தன் போனை எடுத்து, வெளிச்சம் தெரியாமல் சட்டைக்குள் வைத்துப் போட்டுப் பார்த்தான். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அறிவியல் நாள் அரியலூரில் ஒரு பெரிய பள்ளியின் மண்டபத்தில் நடந்தது. காலையிலேயே கருப்பு இட்லி எழுந்து நின்றது. முதல் காட்சிக்கு முப்பது பிள்ளைகள், அவர்களோடு ஏழெட்டு ஆசிரியர்கள். அனுசுயாவும் இருந்தார். அவனைப் பார்த்து, "வூட்டுல சொல்லிட்டீங்களா சார்?" என்றார். "சொல்லிட்டேங்க," என்றான்.

விளக்கை அணைத்தான். படத்தை ஓட விட்டு ஒலியை முழுவதும் இறக்கினான். நட்சத்திரங்கள் வந்தன. பிள்ளைகள் காத்திருந்தார்கள். இருட்டில் தன் மூச்சுச் சத்தம் அவனுக்கே கேட்டது.

"குழந்தைகளே," என்று தொடங்கினான். குரல் பிசிறியது. செருமிக்கொண்டான். "வணக்கம். கொஞ்சம் தலையைத் தூக்கி மேல பாருங்க."

வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் மனப்பாடம். ஆனால் அவை அவள் நடையிலேயே வந்தன. அவள் மூச்சு விட்ட இடத்தில் அவனும் நிறுத்தினான். சனியின் வளையங்களுக்கு முன்னால் அவனையறியாமல் எச்சிலை விழுங்கினான். வியாழனில் திணறினான், அங்கே அவள் எதற்குச் சிரிப்பை அடக்கினாள் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஒரு பையன் கொட்டாவி விட்டது தெளிவாகக் கேட்டது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

நீலக்கோடு வரும் இடத்துக்கு மனப்பாடம் உதவவில்லை. அங்கே அவளுடைய பழைய வார்த்தையைச் சொல்ல முடியாது, புதிதாக எழுதியது மனதில் ஏறியிருக்கவில்லை. வாய்க்கு வந்தபடி பேசினான்.

"இப்ப ஒரு கோடு போச்சுல்ல, அது நான் பண்ண தப்பு. ஒளியோட வேகத்துல ஒண்ணு நம்மள நோக்கி வந்தா அது வர்றது தெரியாது. அந்த வேகத்துல எந்தப் பொருளும் வர முடியாதுங்கறது வேற விஷயம். சும்மா வந்துச்சுன்னு வைங்க. வருதுன்னு நமக்குச் சொல்ல வேண்டியது வெளிச்சம்தான். அதுவும் இதுகூடத்தான் வருது. ரெண்டும் ஒண்ணா வந்துடும்."

"அப்ப எப்படி சார் ஒதுங்கறது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். பல வருடங்களாக இந்தக் கூடாரத்துக்குள் யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் குரலை நிறுத்திக் கேள்வி கேட்க யாருக்குத் தோன்றும்?

"ஒதுங்க முடியாதும்மா," என்றான்.

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. படத்தின் கடைசியில் சூரியன் உதித்து முடிந்த பின்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னான். வெளியே வந்ததும் அனுசுயா, "நல்லா இருந்துச்சு சார்," என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஆனா அந்தம்மா குரல் இல்லாம என்னமோ மாதிரி இருக்கு. உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?" என்றார்.

"நல்லாருக்காங்க. பெரம்பலூர்ல இருக்காங்க," என்றான் அறிவரசன். ஒருவரிடம் அவன் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மண்டபம் காலியானது. அவன் விசிறியை நிறுத்தினான். கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லத் தரையில் படிந்தது. உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற, எப்போதும் போல அதன்மேல் படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டான். காற்று புஸ்ஸென்று போனது. முழுக்கப் போன பிறகும் எழுந்திருக்கத் தோன்றாமல் அந்தத் துணிமேலேயே சற்று நேரம் கிடந்தான். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படுத்தவாக்கிலேயே போனை எடுத்துப் புவனாவுக்கு எழுதினான்: 'எடுத்துட்டேன்.' வேறு என்ன எழுதுவதென்று யோசித்தான். பிள்ளைகள் கேள்வி கேட்டதை எழுதலாமா என்று பார்த்தான். ஒன்றையும் சேர்க்காமல் அனுப்பினான்.

பதில் அன்றைக்கு வரவில்லை. அறைக்குப் போனதும் லேப்டாப்பில் அந்த ஒலிப்பதிவை அழித்தான். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்கலாம் என்று கை போனது. கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அறை இவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததில்லை. லாரிச் சத்தம்கூட அதற்குள் நுழைய முடியாதது போல இருந்தது. கலியம்மாள் கொடுத்த வெங்காயத்தில் கொஞ்சம் உரித்துக் குழம்பு வைத்தான். ஒருவனுக்கு அது அதிகமாகவே இருந்தது.

மறுநாள் உடையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் நாலு காட்சி. மூன்றாவதிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. நாலாவதைப் பாதிக் காற்றும் பாதிச் சொல்லுமாகத் தள்ளி முடித்தான். வேனில் ஏறி உட்கார்ந்து போனைப் போட்டபோது அவள் பதில் வந்திருந்தது.

'நாலு ஷோ பேசினா தொண்டை தாங்காது. நடுநடுல வெந்நீர் குடிங்க.'

அவன் அதை இரண்டு முறை படித்தான். இப்போது தானே பேசுவதாக அவன் எழுதவில்லை; அவளாகத்தான் ஊகித்திருந்தாள். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. வண்டியைக் கிளப்பி, ஊர் எல்லையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி இறங்கினான்.

"டீயா காபியா?" என்றார் கடைக்காரர்.

"வெந்நி," என்றான். குரல் வெளியே வரவில்லை. டம்ளர் பிடிப்பது போலக் கையால் காட்டினான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வைத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தான்.